அணியும் அத்துவிதமும்



திருமுறைப் பாட்டொன்றிற்குப் பொருள் கூறப் புகுவார் இஞ்ஞான்று இருவகையாக வழுவுகின்றனர். ஒருசாரார், பாட்டில் 'போல' என்னுஞ் சொல்லைக் கண்டவுடன் 'இஃது உவமையணி' என்று பெயர் கூறி, தம் கடன் முடிந்ததெனக் கொண்டு அடுத்த பாட்டிற்குச் செல்வர். மற்றொருசாரார், உவமைக்குள்ள தன்மை அனைத்தும் பொருட்கும் உண்டென அடிமுதல் முடிகாறும் பொருத்தி, அதினின்று சமயக் கொள்கையொன்றனை வடித்தெடுப்பர். முன்னவர்க்கு அணி வெறும் பூச்சு. பின்னவர்க்கு அணியே அளவை. இவருள் பின்னவரால் விளையும் இடரே பெரிது. பேரியாறு கடலிற் கலத்தலை வீடுபேற்றிற்கு உவமையாகக் கேட்ட மாணாக்கன் ஒருவன், 'அங்ஙனமாயின் முத்தியில் உயிர் என்பதொன்று இல்லாதொழியுமே. பெறுவான் இல்லாவிடத்துப் பேறு யாருக்கு?' என வினவின், உவமையை முழுதும் பொருத்தினார்க்கு விடை இல்லை. ஆகலின், செய்யுளில் அணிக்குரிய இடம் யாது, சைவநூல்களில் உவமை எவ்வளவிற்குக் கொள்ளற்பாலது என்பவற்றைப் பொருநைக்கரை தந்த நூல்களையும் ஆசிரியர்களையும் துணைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியனார் செய்யுளியலிற் கூறிய உறுப்புக்கள் 34. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, யாப்பு என்பன முதலாக வண்ணம் ஈறாக 26. அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்னும் வனப்பு 8. இவற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். இவற்றுள் உவமை இல்லை. ஓசையை அளக்கும் மாத்திரை உண்டு. கூற்று, கேட்போர், களன், காலம், பயன் எனப் பாட்டு நிகழும் நிலையை வகுக்கும் உறுப்புக்கள் உண்டு. கேட்டாரை மீட்டும் நோக்கிப் பயன்கொள்ளச் செய்யும் 'நோக்கு' உண்டு. உவமைக்கோ, செய்யுளியலின் முன்னே தனியியல் ஒன்று வகுத்தார். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன்வழிப் பொருளைப் புலப்படுத்துவதே உவமையின் தொழில் என்பது அவர் கருத்து. பொருள் புலப்படுதல் முன்னது. அழகு அதனைத் தொடர்ந்து வருவது.

அவ்வியலுக்கு உரைகண்ட பேராசிரியர் இதனை இன்னும் வன்மையாக நாட்டினார். உவமையியலினின்றும் பிற இயல்களினின்றும் சிலவற்றை எடுத்து அணியெனத் தொகுத்து நூல் செய்தாரை அவர் மறுத்தார். ஒன்றனையே வல்லார் செய்யின் அணியாம், அல்லார் செய்யின் அணியாகாதாம். ஆகலின் இவை ஒருதலையாகச் செய்யுட்கு அணியென இலக்கணம் கூறுதல் அமையாது என்பது அவர் கூறிய ஏது. இம்மறுப்பினை நினைவில் வைத்தோமாயின், அணியின் பெயரைச் சொல்லி அமைவார் பாட்டைப்பற்றி யாதும் சொன்னாரல்லர் என்பது தெளியலாம். பெயர் வல்லார்க்கும் அல்லார்க்கும் பொது, பாட்டு பொதுவன்று.

எனினும் அணிநூல்கள் வேண்டா என்பது எம் கருத்தன்று. தண்டியலங்காரம் பொருளணி 35 என வகுத்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரியில் வாழ்ந்த திருக்குருகைப்பெருமாள் கவிராயர் மாறனலங்காரத்தில் அத்தொகையை 64 ஆக விரித்தார். அந்நூல் நம்மாழ்வார் திருப்பெயரால் ஆயது. எடுத்துக்காட்டுக்களும் வைணவச் சார்பின. அதுபற்றி அதனைத் தீண்டாதொழியும் சைவரும் உளர். அது தக்கதன்று. அணிகளின் நுண்ணிய வேறுபாட்டை அறிதற்கு அந்நூல் பெருந்துணையாவது. தென்திருப்பேரைக் காரிரத்தினக் கவிராயர் உரையொடு கற்பின் பயன் இரட்டிக்கும். பகுப்பு மிகுந்து, பகுத்தற்பொருட்டே பகுத்ததோ என ஐயுற வைக்கும் இடங்கள் சில உண்டென்பதும் உண்மையே. அதற்கு அணித்தாகிய ஸ்ரீவைகுண்டத்தில், அடுத்த நூற்றாண்டிற் குமரகுருபர அடிகள் தோன்றிச் சிதம்பரச் செய்யுட்கோவை என்னும் நூலில் பாவும் பாவினமுமாகிய யாப்பு வகைகளுக்குத் தில்லைக் கூத்தன் மேலதாகவே இலக்கியம் அமைத்தார். ஓர் ஆற்றின் கரையிலே வைணவப் புலவர் ஒருவர் அணிக்கும், சைவ முனிவர் ஒருவர் யாப்பிற்கும் தத்தம் கடவுளையும் குருவையும் இலக்கியமாக்கினர். இலக்கணம் கற்பிக்குமிடத்தும் வழிபாட்டை விடாத நாடு இது.

இனி, உவமையைப்பற்றிய பழைய விதியொன்று சைவர்க்கு இடர்ப்பாடு தருவது. உவமையாகக் கூறப்படும் பொருள், உவமிக்கப்படும் பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது தொல்காப்பியனார் கட்டளை. முகத்திற்குத் திங்களைக் கூறுதல் அதுபற்றி. இறைவனை உவமிக்கப் புகுந்தாற் செய்வது என்னை? அவனினும் உயர்ந்தது இல்லை. அவனொடு ஒத்ததும் இல்லை. வள்ளுவனாரும் கடவுள் வாழ்த்தில் அவனுக்கு ஒப்பின்மையை எடுத்தோதினார். ஞாயிறு என்பமேல், ஞாயிறு அவன் ஆணைவழி நிற்கும் சடம். தாய் என்பமேல், தாயும் அவன் அருளால் உயிர்ப்பவள். தண்டியார் கூறும் பொதுநீங்குவமை, பிற ஒப்பெல்லாம் நீங்கத் தனக்குத் தானே ஒப்பாதலைச் சொல்வது. அது பொருந்துமேனும், அதனால் அறியாதது ஒன்றும் அறியப்படாது. 

விடை தொல்காப்பியத்திலேயே உளது. உவமை பிறத்தற்குரிய நிலைக்களங்களாகச் சிறப்பு, நலன், காதல், வலி என நான்கினைக் கூறி, இழிந்த பொருளும் ஒரோவழி நிலைக்களமாம் என ஐந்தாவதையும் உடன்பட்டார். அருளாளர் திருவாக்குக்களிற் காணும் உவமைகள் பெரும்பாலும் காதலை நிலைக்களனாக உடையன. உயர்வுபற்றி எழுந்தன அல்ல அவை, அன்புபற்றி எழுந்தன. பால், நெய், விறகு, விளக்கு, நிழல், வீணை என அகத்தும் முற்றத்தும் கிடப்பனவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறைவனைச் சுட்டுதற்கு நாணாமை அதனால் வந்தது. 

அங்ஙனம் இழிந்த பொருள் உவமையாயவழி, அதனை முற்றும் பொருத்துதல் பெரும்பிழையாம். உரையாசிரியர் 'ஒருபுடை யொப்புமை' என அடிக்கடி கூறுவது இதுபற்றியே. திருநாவுக்கரசு சுவாமிகள் தனித் திருக்குறுந்தொகையின் இறுதிப்பாட்டில், இறைவன் மறைந்து நிற்றற்கு விறகிலுள்ள தீயையும் பாலிலுள்ள நெய்யையும் மணியிலுள்ள ஒளியையும் காட்டினார். நெய் பாலின் திரிபு. பால் கெட்டே நெய் ஆம். இதனை முற்றும் பொருத்துவார், உயிர் கெட்டுச் சிவமாம் என்றன்றோ கூறல் வேண்டும்? சுவாமிகள் கொண்டது மறைவு ஒன்றனையே. அப்பாட்டின் பிற்பகுதி இதனினும் நோக்கற்பாலது. அங்கே அன்பினாலாய உறவு கோலாகவும், உணர்வு கயிறாகவும் உருவகஞ் செய்யப்படுகின்றன, கடைவோன் அடியவன். இறைவன் உள்ள நிலையைச் சொல்லுமிடத்து உவமை. அடியவன் செய்யும் செயலைச் சொல்லுமிடத்து உருவகம். 'போல' என்று எட்டநின்று கூறியவர், கடையத் தொடங்கியதும் அவ்விடைச்சொல்லை விட்டுவிடுகிறார். அணியின் பெயரை மட்டும் அறிந்தார்க்கு இம்மாற்றம் கண்ணிற் படுவதில்லை.

உவமையின் எல்லையை வரையறுத்தல் சித்தாந்தத்தில் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு உமாபதி சிவாசாரியர் அருளிய சிவப்பிரகாசத்தின் ஒரு செய்யுளே சான்று. இறைவனும் உயிரும் எவ்வாறு இயைந்துள்ளன என்னும் வினாவிற்கு அதில் ஆறு உவமைகள் வந்துள்ளன. மூன்று தள்ளுதற்கு, மூன்று கொள்ளுதற்கு. பொன்னும் பணியும் போல என்பது தள்ளப்பட்டது; என்னை? காப்பும் சங்கிலியும் பெயரால் இரண்டாயினும் பொருளால் ஒன்றே. அவ்வாறாயின் உயிரின் குற்றம் இறைவன் குற்றமாய் முடியும். இருளும் ஒளியும் போல என்பதும் தள்ளப்பட்டது. ஒன்றுள்ளவிடத்து மற்றொன்று நில்லாதாகலின், இறைவன் உயிரினிடத்து நின்று உணர்த்துதல் கூடாதாம். சொல்லும் பொருளும் போல ஒருவாற்றான் ஒன்றாயும் ஒருவாற்றான் வேறாயும் உள என்பதும் துணிவின்மையின் விடப்பட்டது. இனிக் கொண்டவை: கலப்பினால் ஒன்றாதற்கு உடலும் உயிரும், பொருட்டன்மையால் வேறாதற்குக் கண்ணும் ஞாயிறும், உடனாய் நின்று செலுத்துதற்குக் கண்ணொளியும் உயிரின் அறிவும். கண் விழித்திருந்தும், உயிர் வேறொன்றில் அழுந்தியவழி எதிரே நிற்பாரையும் காணாமை நாம் நாள்தோறும் அறிவதன்றோ? இவ்வாறு உவமைகளுள் ஒன்றும் பூவன்று, நிலவன்று. அலங்காரம் என்று சொல்லத்தக்கது அச்செய்யுளில் யாதும் இல்லை என்பாரும் இருத்தல் கூடும். ஆயினும் ஒரு சமயத்தின் உயிர்நிலை அவ்வுவமைகளின் தேர்வில் நிற்கின்றது. மூன்று உவமை வேண்டியதும் அதுபற்றியே. ஒன்று தனித்து முற்றும் பொருந்துமாயின் மற்றிரண்டும் மிகையாம்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் வைத்த எடுத்துக்காட்டொன்று எம் நாட்டார்க்குத் தனி உரிமை உடையது. மலம் உயிரை என்று பற்றிற்று என்பார்க்கு, நெல்லிற்கு உமியும் செம்பிற்குக் களிம்பும் போல அது தொன்மையாகவே உள்ளது என்றார். ஆசிரியர் திருவெண்ணெய்நல்லூரினர். ஆயினும் நெல்லைத் தன் பெயரிலும், நெல்லுக்கு வேலியிட்டுக் காத்த திருவிளையாட்டைத் தன் தலபுராணத்திலும், செம்பினாலாய தாமிர சபையைத் தன் கோயிலிலும் கொண்டது திருநெல்வேலி. ஆறோ பெயரிலேயே தாமிரத்தைத் தாங்கியது. இது தற்செயல் ஒப்பே, வேறன்று. என்றாலும் காரும் பிசானமும் விளைவிக்கும் உழவர் நடுவே அவ்வெண்பாவைக் கற்பார்க்கு அது ஏட்டுரையாகத் தோன்றாது.

உழவர் ஒருவர் ஈண்டு ஒரு தடை எழுப்பலாம். கதிரில் உமியே முன்னர்த் தோன்றும். பின்னர்ப் பால் பிடித்து, அதுவே முற்றி அரிசியாம். அற்றேல் மலம் முன்னது, உயிர் பின்னது ஆகாதோ எனின், ஆகாது. உமியின்றித் தனித்திருந்த அரிசி ஒன்றனைப் பின்னொரு நாள் உமி வந்து பற்றிற்று என்பது யாண்டும் இல்லை என்ற அளவே அங்குக் கொள்ளப்பட்டது. மற்றொன்று: குத்திய அரிசி மீட்டும் உமியை ஏலாது, முளைப்பதும் இல்லை. வீடுபெற்ற உயிர் மீட்டும் பிறவாமைக்கு இது பொருந்தும். செம்பிற்கு இப்பொருத்தம் இல்லை. புளியிட்டு விளக்கிய குத்துவிளக்கு நான்கு நாளிற் பின்னும் களிம்பேறுதலை எல்லா மகளிரும் அறிவர். அங்ஙனமாயின் செம்பினை ஏன் கூறினார்? உமி புறத்தே போர்த்து நிற்பது. களிம்போ செம்பின் உடம்பொடு ஒன்றி நிற்பது. விளக்குவார் ஒருவர் இன்றித் தானே நீங்காதது. நெல்லிற் குறைந்ததைச் செம்பு நிரப்புகின்றது. செம்பிற் குறைந்ததை நெல் நிரப்புகின்றது. ஒரே வெண்பாவில் இரண்டினையும் இணைத்தமை ஆசிரியர் திறம். அருணந்தி சிவாசாரியர் இதனையே பின்னும் வளர்த்து, நெல்லின் முளையும் தவிடும் உமியும் என மும்மலத்திற்கும் மூன்று உறுப்புக் கண்டார். ஆசிரியர் கையில் ஒன்றாயிருந்த உவமை மாணாக்கர் கையில் மூன்றாய்க் கிளைத்தது.

களிம்பைப்பற்றி மற்றொரு தடை இக்காலத்தார் எழுப்புவது. களிம்பு செம்பொடு உடன்தோன்றியதன்று. காற்றும் ஈரமும் தாக்குதலாற் பின்னர் விளைவது என வேதியியல் நூலார் கூறுவர். அது மெய்யே. அதனை மறைத்து மழுப்புவது சைவர்க்கு அழகன்று. பொன்னில் விளையாத களிம்பு செம்பில் விளைதற்கு ஏதுவாய தன்மை செம்பின்கண்ணே உளது எனச் சமாதானம் கூறலாமாயினும், தொன்மை என்னும் அளவில் அவ்வுவமை தளர்ந்தது என்று ஒப்புதலே நேர்மை. தளர்ந்தது உவமையே, கொள்கையன்று. என்னை? சிவஞானபோதம் உவமையின்மேற் கட்டப்பட்ட நூல் அன்று. 12 சூத்திரமும் 39 அதிகரணமும் 81 எடுத்துக்காட்டு வெண்பாவும் உடைய அந்நூலில், முதற்கண் மேற்கோள், அதன்பின் ஏது, அதன்பின்னரே எடுத்துக்காட்டு. மலம் இடையே வந்து பற்றிற்றாயின், அங்ஙனம் வந்ததற்குக் காரணம் கூறல் வேண்டும். காரணமின்றி வந்ததாயின் வீடுபெற்ற உயிரையும் அது மீளப் பற்றும் என்பது ஏது. இவ்வேது நிற்குங்காறும் செம்பு போயினும் நெல் உளது. நெல் போயினும் மேற்கோள் உளது.

'ஒருபுடை யொப்புமை எனின், தமக்கு வேண்டிய புடையைக் கொண்டு வேண்டாத புடையை விடுதற்கு யாவர்க்கும் இடனாம். பின்னர் உவமையால் ஆம் பயன் என்னை?' எனச் சிலர் வினவுவர். அவ்வினாவிற்கும் விடை இதுவே. எப்புடை கொள்ளற்பாலது என்பதை உரைப்பான் விருப்பம் தீர்மானிப்பதில்லை. முன்னின்ற ஏது தீர்மானிக்கின்றது. உப்பும் நீரும் என்னும் உவமையை நோக்குக. சாந்தோக்கிய உபநிடதத்தில் நீரிற் கரைந்த உப்பு, எங்கும் நிறைந்து காணப்படாது நிற்கும் மெய்ப்பொருட்கு உவமை. மெய்கண்டதேவர் ஏழாஞ் சூத்திரத்தில் கடல்நீர் உப்பைக் கூறியதோ, அறியாமை உயிரைச் சார்ந்து, சிவத்தைச் சாராமைக்கு. உப்பு நீரைப் பற்றும், நீர்க்கு இடமாகிய வெளியைப் பற்றாது. தூத்துக்குடி உப்பளத்திற் காண்பதும் இவ்வுப்பே. பொருள் ஒன்று, கொண்ட புடை வேறு. ஏதுவை நோக்காது உவமையை மாத்திரம் நெட்டுருச் செய்தவர், இரண்டும் ஒன்றெனக் கூறி, இறைவனை அறியாமை ஆக்கிவிடுவர்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டியாய் நிற்பவர், பொதியமலை அடிவாரத்துப் பாவநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் முக்களாலிங்கர் என்னும் பிள்ளைத் திருப்பெயரொடு தோன்றித் திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கி, 1785-இல் சிவபரிபூரணம் எய்திய சிவஞான முனிவர். தொல்காப்பியச் சூத்திரவிருத்தியும் இலக்கண விளக்கச் சூறாவளியும் எழுதிய கையே சிவஞானபோதத்திற்கு மாபாடியமும் எழுதிற்று. ஒரு சொல்லின் புணர்ச்சி பிழைப்பினும் பொறாத இலக்கணப் புலமை, உவமை ஒன்று எல்லை கடப்பினும் பொறாத தத்துவப் புலமையாய் அங்கு நிற்கின்றது. மாபாடியம் கடினம் என்று ஒதுங்குவார், உவமை வருமிடங்களை மட்டுமேனும் தொகுத்துக் கற்கத் தகும். ஒப்புமை கூறிப் பின் வேறுபாடு காட்டுவதனைத் தண்டியார் வேற்றுமையணி என்றார். அவ்வணியையே வாழ்நாள் முழுதும் உரைநடையிற் செய்தவர் அம்முனிவர் எனின் மிகையாகாது.

இனி உருவகத்தைப்பற்றி எஞ்சியது கூறி அமைவாம். உவமையில் 'போல' நின்று இரண்டினையும் பிரித்துக் காட்டும். உருவகத்தில் அஃது இல்லை; பொருளும் உவமையும் ஒன்றென நிற்கும். இதுபற்றி, உருவகம் ஒருமைவாதிகளின் அணி, உவமையே சைவர் அணி என்று ஒருவர் கூறக் கேட்டதுண்டு. நயமான கூற்றே, ஆயினும் பிழை. கண்ணைத் தாமரை என்ற புலவன் கண்ணையும் தாமரையையும் அறிந்தவன்; கேட்பாரும் இரண்டும் அறிந்தவர். இரண்டனுள் ஒன்று அறியப்படாது ஒழியின் அங்கே உருவகம் இல்லை, வெறும் பெயரே உண்டு. இரண்டும் உளவாயிருந்தே இரண்டெனப் பிரித்தறியப்படாது நிற்றல் உருவகத்தின் இயல்பு. அத்துவிதம் என்னுஞ் சொல் பொருள் ஒன்றே என்பதனை உணர்த்துவதன்று, வேறாய் நில்லாமையாகிய அந்நிய நாத்தியையே உணர்த்துவது என மெய்கண்டதேவர் கூறிய கருத்தும் இதனொடு வைத்து எண்ணற்பாலது. அணியிலக்கணம் சமயத்தை நிறுவும் என்று யாம் கூறவில்லை. முன்னர் மறுத்ததை ஈண்டு யாமே செய்தல் ஆகாது. அச்சொல்லைக் கேட்டு மருளும் இளைஞர்க்கு, தாம் நன்கறிந்த உருவகத்தைக் காட்டி வாயிலிற் கொண்டு நிறுத்தலாம் என்பதே எம் எண்ணம்.

இதற்கு இலக்கியம் குமரகுருபர அடிகள் மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் வருகைப் பருவத்துப் பாடிய, எல்லாரும் அறிந்த பாட்டு. ஐந்தாண்டுவரை பேசாதிருந்து திருச்செந்தூரிற் பேச்சுப்பெற்றார் என்பர் அவரை. அத்தடை நீங்கிய வெள்ளமே அப்பாட்டின் நடை. உருவகத்தின்மேல் உருவகமாக அம்மையை அழைத்துக்கொண்டே செல்வார். அந்நூலிற் பிறவிடங்களிற் சில, அடுக்கு மிகுந்து கற்பார்க்கு மூச்சடைப்பன என்பது எம் துணிபு. இப்பாட்டில் அக்குறை இல்லை. அதில் ஓர் உருவகம் மட்டும் நோக்குக. செருக்காகிய கிழங்கைத் தோண்டியெடுத்த அடியாரது நெஞ்சம் கோயில். அதில் ஏற்றிய விளக்கு அம்மை. கிழங்கு களைய நிலம் வேண்டும். விளக்கேற்றக் கோயில் வேண்டும். ஒளி கோயில் முழுதும் பரவி, ஒளியில்லா இடம் அங்கு இல்லையாயினும், கோயிலே விளக்கு ஆயிற்றில்லை. விளக்கு இன்றிக் கோயில் இருள் நீங்கியதும் இல்லை. 'போல' என்னும் சொல் அப்பாட்டில் இல்லாதிருந்தும் இரண்டும் கெடவில்லை. இத்தனை உருவகங்களால் அம்மையைத் தம் உள்ளத்தே கண்டவர், இறுதியில் 'வருக' என்றே முடிக்கின்றார். அழைப்பவரும் வருபவரும் ஆகிய இருவர் இல்லாவிடத்து அச்சொல் எழாது. திருமலை நாயக்கர் அவையில் அப்பாட்டிற்குப் பொருள் கூறியபொழுது அம்மை சிறுமியாக வந்து முத்துமாலையொன்றை அடிகள் கழுத்தில் இட்டு மறைந்தாள் என்பது வழிவழி வரும் செய்தி. கொற்கை முத்து விளைந்த ஆற்றின் கரையிற் பிறந்த புலவர்க்கு முத்தே பரிசாயிற்று.